பதினாலு சாயங்காலம்

கையைத் தூக்கிவிட்டாள். மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி, நீலக் கம்பளிச் சட்டை, வாதத்தில் கோணிப்போன விரல்கள் ஐந்தும் மேலே நிற்கின்றன. அவளுக்கு முன்னால் கை தூக்கியவர்கள் ஆறு பேர் என்று கிளாட்ஸன் எண்ணிவைத்துக்கொண்டான். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று தலைமை தாங்குகிற வாத்தியார் சொல்லியிருக்கிறார், ஆனால் இந்த ஊர்க்காரர்கள் ஐந்து நிமிஷத்தில் மூக்குகூடச் சிந்தி முடிக்க மாட்டார்கள், பத்து என்று வைத்தால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். கரண்டு போகலாம். கிழவிக்கு நெஞ்சு அடைக்கலாம். அடைக்கட்டுமே என்று நினைத்தான், நினைத்த பிறகு அதைத் திரும்ப எடுக்கவும் தோன்றவில்லை. டிரம்காலா என்கிற இந்த ஐரிஷ் கிராமத்துச் சர்ச் ஹாலில், மேடையில் போட்ட நான்கு நாற்காலிகளில் நான்காவது அவனுடையது. முதலில் வாத்தியார், அடுத்து மடியில் சைக்கிள் ஹெல்மெட்டோடு பச்சைக் கட்சிக் கவுன்சிலர், அடுத்து காற்றாலைக் கம்பெனியின் மானேஜர் ஓர்லா, கடைசியில் ஆரல்வாய்மொழிக்காரன் கிளாட்ஸன், கம்பெனிக்குச் சத்தம் அளந்து கொடுக்கிற இஞ்சினியர். ஊருக்கு மேற்கே சதுப்பில் ஒன்பது காற்றாலைகள் வரப்போகின்றன, அதைப் பற்றி ஊரைக் கேட்கிற கூட்டம் இது. கேட்கிறார்களாம். முந்நூறு பக்க அறிக்கையில் சத்தத்தைப் பற்றிய நாற்பது பக்கம் அவன் எழுதியது, அதில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பிரைடி கில்ஹூலியின் வீடு. அந்தப் பக்கத்தைத்தான் அவள் மடியில் விரித்து வைத்திருக்கிறாள். மஞ்சள் மையில் கோடு போட்டிருப்பது மேடையிலிருந்தே தெரிகிறது.

முதல் ஆள் எழுந்தான். கழுத்து என்று ஒன்று இல்லாமல் தலையைத் தோளில் வைத்து அழுத்திவிட்ட மாதிரி ஒரு சிவந்த மனிதன். இவர்கள் பேசுகிற இங்கிலீஷ் வந்த புதிதில் கிளாட்ஸனுக்கு ஒரு எழவும் புரியாமல் இருந்தது, இப்போது வினோதமாக அது காதில் இறங்கும்போதே ஊர்த் தமிழாக இறங்குகிறது, அதுவும் ஆரல்வாய்மொழிச் சந்தையில் பேசுகிற தமிழாக, அது அவனுக்குப் பெரிய எரிச்சல். “நூறு வருசமா எங்க அடுப்புல எரிஞ்ச டர்ஃப விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிய. டீசலுக்கு வரி போட்டிய. சரி, கார எடுக்காத, பஸ்ல போன்னு சொன்னிய. பஸ்ஸு எங்கவே? ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸ போன வருசமே நிறுத்தியாச்சு. இனி நாங்க காத்தாடி றெக்கையில தொங்கிட்டா போகணும்?” ஹால் அதிர்ந்தது. டர்ஃப் என்றால் இவர்கள் சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்து அடுப்பில் போடுகிற மண்கட்டி, மண்ணை எரித்துக் குளிர்காய்கிற ஜனங்கள், அதை நிறுத்து என்றால் குடியே முழுகிப்போகிற மாதிரி கத்துகிறார்கள். கவுன்சிலர் மைக்கைப் பிடித்து, “இது ஒரு மாறுதலின் காலம், நாம் எல்லோரும் சேர்ந்து” என்று ஆரம்பித்தார். சேர்ந்து என்ற சொல்லுக்கே பின்வரிசையில் ஒருத்தி ஊளையிட்டாள். கிளாட்ஸனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆறரை மணிக்குச் சர்ச்சுக்குப் பின்னால் இந்தக் கவுன்சிலர் ஒரு டீசல் வேனின் பின்கதவைத் திறந்து சைக்கிளை இறக்கியதையும், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடைசி இருநூறு மீட்டரை மிதித்து வந்ததையும் அவன் ஒருவன்தான் பார்த்தான். மனுஷர் மூச்சு வாங்கவும் செய்தார். அதை இப்போது எழுந்து சொன்னால் இந்த ஹால் அவரைப் பிய்த்துத் தின்றுவிடும், பிரைடியின் கை தானாக இறங்கிவிடும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். சொல்ல மாட்டான். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதில் அவனுக்கு இப்போது நல்ல பழக்கம். ஜன்னலில் எட்டு மணி வெயில் இன்னும் மத்தியானம் மாதிரி நின்றது, ஜூன் மாதத்தில் இந்த நாட்டில் எதையும் இருட்டு வந்து மூடுவதில்லை. இரண்டாவது ஆள் எழுந்தாள்.

பிரைடியின் வீட்டுக்கு அவன் பிப்ரவரியில் போனான், மழை. அப்போதும் பஸ்ஸில்தான், டிரைவிங் டெஸ்டுக்குத் தேதி கேட்டுப் பத்து மாதமாகிறது, கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கி இரண்டு மைல் நடந்தான். வாசலிலேயே பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். “மக்களே, நனைஞ்சிட்டியே, வா, வா, சாயா போடுகேன்.” மக்களே என்றா சொன்னாள், ‘பெட்’ என்றோ ‘லவ்’ என்றோ என்னமோ சொன்னாள், அவன் காதில் மக்களே என்று விழுந்து தொலைத்தது. அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும், நரை விழுந்த தாடி, இரண்டு காதிலும் பெரிய மஞ்சள் நிற மூடி. மகன், பெயர் டெக்லன். பேச்சு இல்லை. “சத்தம் அவனுக்கு ஆகாது மக்களே. நமக்குக் கேக்காத சத்தம்கூட அவனுக்குக் கேக்கும். இரையுற சத்தம்னா தலைய சுவத்துல கொண்டுபோயி முட்டுவான்.” பால் எடுக்க அவள் மழையில் ஓடி எதிர் ஷெட்டுக்குப் போனாள். ஃபிரிட்ஜ் அங்கே இருக்கிறது. ஃபிரிட்ஜ் மோட்டாரின் உறுமல் அவனுக்கு ஆகாதென்று இருபது வருஷமாகப் பாலுக்கும் வெண்ணெய்க்கும் முற்றத்தைக் கடந்து ஓடுகிறாள். அவள் ஓடும்போது கிளாட்ஸன் சுவரைப் பார்த்தான், டெக்லனின் நாற்காலிக்கு நேரே வெள்ளைச் சுண்ணாம்பு கையகலத்துக்குப் பெயர்ந்து பழுப்பாக இருந்தது. அதையும் பார்த்தான், மேஜை மேல் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிகள் அடுக்கிய தட்டையும் பார்த்தான், மூன்று தின்றான். பிறகு முற்றத்து மூலையில் முக்காலியை நட்டு மைக்கை மாட்டி அதற்குப் பஞ்சுத் தொப்பி போட்டபோது பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். “இது இங்க எவ்வளவு சத்தம் இருக்குன்னு எழுதுமா?” ஆமாம் என்றான். “பதினாலு நாளா?” ஆமாம். “அப்ப இங்க ஏற்கெனவே சத்தம் நெறைய இருந்துன்னு வையி, அது எங்களுக்கு நல்லதா, கெட்டதா?” அதற்குத்தான் அவன் பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரர்களோடு அளவு பற்றிப் பேசக் கூடாது என்பது விதி, எழுத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டிருக்கிறான். விதிப்படி வாயை மூடிக்கொண்டு கேபிளைச் சுருட்டினான். விதிப்படிதான். அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வைதான், சனியன், நாலு மாதமாக வந்து வந்து நிற்கிறது.

ஏனென்றால் கணக்கு அவள் நினைத்ததற்கு நேர்த் தலைகீழ். அமைதியான இடத்துக்கு வரம்பு குறைவு, காற்றாலை அங்கே மெதுவாகத்தான் சுற்றவேண்டும், இல்லை தள்ளிப் போகவேண்டும். ஏற்கெனவே சத்தம் உள்ள இடம் என்றால் வரம்பும் கூட ஏறிக்கொள்ளும், இருக்கிற சத்தத்தில் இது என்ன பெரிதாகக் கேட்கப்போகிறது என்று. முப்பது டெசிபலுக்குக் கீழே இருந்தால் அமைதியான இடம். பிரைடி கில்ஹூலியின் முற்றம், சதுப்பின் நடுவில் தனி வீடு, அருகே ரோடு இல்லை, ஆறு இல்லை, இருபத்தேழு இருபத்தெட்டுக்கு மேல் போக வழியே இல்லை. பதினாலு நாளையும் சேர்த்துக் கருவி முப்பத்தொன்பது காட்டியது. கம்ப்யூட்டரில் படமாகப் போட்டுப் பார்த்தபோதே விளங்கிவிட்டது, பதினாலு நாளும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கோடு படியேறிப் பதினொன்றுக்குப் படியிறங்கியது. நாய் குரைத்தால், கார் போனால் இந்தக் கணக்கில் வராது, விடாமல் இருக்கிற சத்தம்தான் வரும், இது விடாமல் இருந்தது. மைக் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் பதிந்தும் வைக்கும். ஹெட்போனை மாட்டிக் கேட்டான். டிராக்டர். பழைய டிராக்டரை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி நாலு மணி நேரம் ஓடவிட்டிருக்கிறாள். ஏற்கெனவே இங்கே சத்தம் தாங்கவில்லை, இனி ஒன்றைக் கொண்டுவராதே என்று அந்தக் கருவிக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மகன் வீட்டில் இருக்க டிராக்டரை எப்படி ஓட்டினாள் என்பதற்கும் பதில் பதிவில் இருந்தது, இருமிக்கொண்டு யாரோடோ போனில் சொல்கிறாள், டெக்லனை அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள், பதினாலு நாளுக்கு, பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாளாம். ஒன்பதாவது சாயங்காலத்தில் வேறொன்று இருந்தது. மைக்குக்கு மிக நெருக்கத்தில் மூச்சு, பிறகு டிராக்டர் சத்தத்துக்கு மேலே அவள் குரல். “கேக்கியா மக்களே? நல்லா கேக்குதா ஒனக்கு?” ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்து அந்தத் துண்டை அழித்தான். வீட்டுக்காரர் பேச்சு பதிவாகியிருந்தால் அழிக்கவேண்டும், அதுவும் விதிதான்.

டிராக்டர் ஓடிய மணிகளை வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடுத்திருக்கவேண்டும், முதல் வருஷம் படிக்கிறவனுக்கே தெரியும். வெட்டினால் அந்த வீடு அமைதியான வீடு, அந்த வீடு அமைதியானால் எழுநூறு மீட்டரில் நிற்கிற ஏழாம் நம்பர் காற்றாலை நிற்க முடியாது. ஓர்லாவிடம் படத்தைக் காட்டினான். காட்டினான் என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், மறைக்கவில்லை, காட்டினான். அவள் இரண்டு நிமிஷம் பார்த்தாள். “கிராமப்புறம், கிளாட்ஸன். விவசாய வேலை நடக்கும்தானே? டிராக்டர் ஓடத்தானே செய்யும்?” என்றாள். பிப்ரவரி மழையில் சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன விவசாயம் என்று அவன் கேட்கவில்லை. “உங்க குடும்பம் அக்டோபர்ல வராங்க இல்லையா?” என்று கேட்டாள், ஆசையாகத்தான் கேட்டாள், அந்தப் பெண்ணின் குரலில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. வேலை பர்மிட் கம்பெனி பேரில். அக்டோபர்வரை ஓட்டிவிட்டால் பிறகு யார் தயவும் வேண்டாம், மனைவி லிஜியும் குழந்தையும் வந்துவிடுவார்கள், வேறு கம்பெனி, வேறு ஊர், டிரம்காலா எந்தத் திசையில் இருக்கிறதென்றே மறந்துபோகும். ‘விவசாய நடவடிக்கை’ என்று எழுதினான். இரண்டே சொல். தட்டச்சு செய்து முடித்து ஒரு முறை படித்துப் பார்த்தபோது நல்ல வாக்கியமாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஆள் மாட்டைப் பற்றிப் பேசினான், நான்காவது ஆள் கொக்கைப் பற்றி. கொக்குக்கு முப்பது பக்கம் அறிக்கையில் ஒதுக்கியிருக்கிறது, வௌவாலுக்கு இருபத்திரண்டு. வௌவாலைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே காற்றாலை நடுவார்கள். ஆரல்வாய்மொழியில் யாரைக் கேட்டார்கள்? அவனுக்குப் பதினொரு வயதிருக்கும்போது வீட்டுக்குப் பின்னால் இருநூறு மீட்டரில் முதல் காத்தாடியை நட்டார்கள், பிறகு நாலு, பிறகு எண்ண முடியவில்லை. ஹாலும் இல்லை, மேடையும் இல்லை, முக்காலியில் மைக் மாட்ட எவனும் பஸ் பிடித்து வரவில்லை. ஒருநாள் லாரி வந்தது, அவ்வளவுதான். காற்று மாதம் ஐந்தும் ராத்திரியெல்லாம் துணி துவைக்கிற மாதிரி அந்த றெக்கை காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். அம்மை காதில் தேங்காயெண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்துக்கொண்டு படுப்பாள். கடைசியில் காற்றில்லாத மாதத்திலும் அவளுக்கு அது கேட்டது. தலைக்குள்ளே சுத்துகுது மக்களே, நிறுத்தச் சொல்லு, என்பாள். நிறுத்தச் சொல்ல ஆளில்லை, அப்பா நிலத்தைக் காத்தாடிக் கம்பெனிக்குத்தான் எழுதிக்கொடுத்திருந்தார், கிளாட்ஸனின் படிப்பு அதில்தான் நடந்தது, சத்தத்தைப் பற்றிய படிப்பு. செத்தபோதும் அம்மை காதில் பஞ்சு இருந்தது, குளிப்பாட்டிய பெண்கள்தான் எடுத்துப் போட்டார்கள். அவளுக்கு ஒரு பக்கம்கூட யாரும் எழுதவில்லை. இவளுக்கு மட்டும் என்னத்துக்கு? வெள்ளைத் தோலுக்கு மட்டும் காது இரண்டும் தனியாக வைத்துப் படைத்திருக்கிறதா? அனுபவிக்கட்டும். அனுபவித்தால்தான் தெரியும். இந்த நினைப்பு வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவியது, நல்ல சூடு, இதுதான் நாலு மாதமாக அவனைத் தூங்கவைக்கிற சூடு. ஆனால் அது எப்போதும் பாதி வழியில் அணைந்துபோகும். ஏனென்றால் சுவரில் கையகலத்துக்குப் பெயர்ந்த சுண்ணாம்பு வந்துவிடும், பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறி மகனைப் பார்க்கப் போன கிழவி வந்துவிடுவாள், அவள் குரல் அம்மையின் குரலில் ‘கேக்கியா’ என்று கேட்டுத் தொலைக்கும். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். யாரைக் கேட்டார்கள் என்பதிலிருந்து.

ஐந்தாவது ஆள் கவுன்சிலரை நேரடியாகத் திட்டினான், வாத்தியார் மணியடித்தார். இன்னும் ஒருவன். பிறகு பிரைடி. அவள் என்ன கேட்பாள்? யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். டப்ளினிலிருந்து ஒரு வக்கீலையோ, எதிர்ப்புக்காரர்களுக்கு வேலை செய்கிற இன்னொரு இஞ்சினியரையோ பிடித்திருப்பார்கள், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முப்பத்தொன்பது எப்படி வந்தது என்று கேட்பாள், டிராக்டர் ஓடியது உனக்குத் தெரியுமா தெரியாதா என்பாள். தெரியாது என்று சொல்லலாம். தெரியும், ஆனால் விவசாய நடவடிக்கை என்று சொல்லலாம். அல்லது எழுந்து நின்று ஒரே வரி, இந்த வீட்டு அளவு தப்பு, திரும்ப அளக்கவேண்டும். பத்துச் சொல்கூட இல்லை. வாய்க்குள் இங்கிலீஷில் அதை அடுக்கிப் பார்த்தான், இலக்கணம் சரியாக இருந்தது, ஒரு தடவை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன, பர்மிட் போகும், லிஜி போனில் அழுவாள், ஆனால் சொன்ன அந்த ஒரு நிமிஷம் எப்படி இருக்கும்? ஹால் எழுந்து கைதட்டும். கழுத்தில்லாதவன் வந்து கட்டிப் பிடிப்பான். இவர்கள் கைதட்டலுக்கா அவன் பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போடுவது? ஓர்லா பக்கத்தில் கால் மேல் கால் போட்டு, நோட்டில் ஒரு பூ வரைந்துகொண்டிருந்தாள். அமைதியாக இருக்கிறாள் என்றால் அவளுக்கு எதுவோ தெரியும். ஆறாவது ஆள் வெறுமனே எழுந்து, “வெக்கமா இல்லியாடே ஒங்களுக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். பத்து நிமிஷம் எடுப்பான் என்று நம்பியிருந்த மடையன் பத்து விநாடியில் முடித்துவிட்டான்.

வாத்தியார் மைக்கைக் கீழே கொடுத்தார். பிரைடி எழுந்தாள், எழுந்து நிற்கவே அரை நிமிஷம் ஆயிற்று, ஹால் அவளுக்காகச் சத்தத்தை அடக்கியது. அறிக்கையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாள். “நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். எனக்க வீடு. முப்பத்தொன்பதுன்னு எழுதியிருக்கு. அமைதியான எடம் இல்ல, சத்தம் உள்ள எடம்னு அச்சடிச்சுப் போட்டிருக்கு.” நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரித்தாள். “இத எழுதுனது அந்தா இருக்க பையன். நல்ல பையன், எனக்க வீட்டுல சாயா குடிச்சவன். மத்தவிய மாதிரி இல்ல, உள்ளத உள்ளபடி எழுதியிருக்கான். ஏற்கெனவே இம்புட்டுச் சத்தம்னா இதுக்கு மேல ஒரு காத்தாடியக் கொண்டுவந்து வைக்க முடியுமா? எனக்க மகனப் பத்தி இங்க எல்லாத்துக்கும் தெரியும். நீயே சொல்லு மக்களே. இதுல போட்டிருக்க கணக்கு சரிதானே?”

ஒரு வக்கீலும் இல்லை. ஒருவனும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த ஊர் முழுக்க ஒருத்தருக்கும் அந்த நாற்பது பக்கம் விளங்கவில்லை, டர்ஃபுக்கும் டீசலுக்கும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு இது ஒன்று தெரியவில்லை. எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. மைக் அவன் கைக்கு வந்தபோது சூடாக இருந்தது. நாக்கு நுனியில் அடுக்கி வைத்த வரி அப்படியே இருந்தது, முதல் சொல்லைச் சொன்னால் மீதி தானாக வந்துவிடும். அவள் காத்திருந்தாள். முற்றத்தில் அன்றைக்கு நின்ற மாதிரியே, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு. “சரிதான்,” என்றான் கிளாட்ஸன். குரல் தெளிவாக வந்தது, அதில் அவனுக்கே ஆச்சரியம். ஹால் கைதட்டியது. கழுத்தில்லாதவன் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினான். ஓர்லா நோட்டை மூடிவிட்டு மைக்கை மெல்ல வாங்கினாள். “நன்றி, பிரைடி. எங்கள் அளவு சரி என்பதை வீட்டின் உரிமையாளரே ஊர் முன்னால் ஒத்துக்கொண்டதைக் குறிப்பில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.” வாத்தியார் பதிவு செய்தார். ஜனங்கள் அதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள், ஜெயித்துவிட்டோம் என்று. கவுன்சிலர்கூடத் தட்டினார், அவருக்கு எதற்கென்று தெரியாது, திட்டு நின்றதே போதும் அவருக்கு. ஓர்லா குனிந்து அவன் காதில், “ரொம்ப நல்லாப் பண்ணீங்க,” என்றாள். அவளுடைய எலெக்ட்ரிக் காரில் ஓர் இடம் இருந்தது, ஆனால் அவள் போகிற திசை வேறு.

ஒன்பது ஐந்துக்கு டவுனுக்குப் போகிற கடைசி பஸ். நிறுத்தத்தில் பிரைடி உட்கார்ந்திருப்பாள் என்று அவன் நினைக்கவில்லை. பாதி வழிவரை அவளுக்கும் அதே பஸ்தான், பெஞ்சில் கையால் தட்டி இடம் காட்டினாள். பலகையில் பஸ் நாலு நிமிஷத்தில் வரும் என்று எழுத்து ஓடியது. “வராது பாரு,” என்றாள். “நாலும்பான், ரெண்டும்பான், வந்தாச்சும்பான், அப்பறம் எழுத்தே காணாமப் போகும்.” சிரித்தாள். மகனை இன்றைக்கு யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவனும் கேட்டுவைத்தான், எதாவது கேட்கவேண்டுமே. பக்கத்து வீட்டுக்காரி. “அந்தப் பதினாலு நாளு அங்க விட்டேன்லா, திரும்பி வந்து ஒரு மாசம் என்னத் தொட விடல்ல. காதெல்லாம் பிச்சு வச்சிருந்தான். பாக்க முடியல்ல மக்களே. போட்டும், அவனுக்காகத்தானே செஞ்சது.” கைப்பையைத் திறந்து வெள்ளித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து அவன் மடியில் வைத்தாள். ஸ்கோன். “அன்னைக்கு மூணு தின்னியே.” பலகையில் ரெண்டு என்று வந்தது. “அன்னைக்கு நான் ஒங்கிட்டக் கேட்டேன். நீ வாயத் தொறக்கல்ல. சொன்னா ஒனக்க வேல போயிரும்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒனக்க மொகத்தப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு, இந்தப் பையன் நம்மள டிராக்டர ஓட்டச் சொல்லுகான்னு.” அவன் வெள்ளித்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தான். “ஒருநாளு அந்த மைக்குல ஒன்னக் கூப்பிட்டேன். கேட்டுதா?” பலகையில் எழுத்து மறைந்துபோனது. “கேட்டுது,” என்றான். இந்த நாலு மாதத்தில் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அது. “எனக்குத் தெரியும்,” என்று அவன் முழங்காலைத் தட்டினாள். “டெக்லன் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்னைக்கே நான் அவங்கிட்டச் சொன்னேன், ஒருத்தனுக்குக் கேக்குதுடான்னு.” பஸ் வரவில்லை, வேறு எந்த வண்டியும் வரவில்லை, மேற்கே ஏழாம் நம்பர் வரப்போகிற மேட்டில் வெளிச்சம் இன்னும் போகாமல் நின்றது. காற்று இல்லை, பறவைகள் அடங்கிவிட்டன. எங்கே உட்கார்ந்தாலும் அவன் காது தானாக அளக்க ஆரம்பித்துவிடும், இப்போதும் அளந்தது. இருபத்தேழு. மிஞ்சிப்போனால் இருபத்தெட்டு. வெண்ணெய் தாராளமாகத் தடவியிருந்தாள். அவன் சத்தமில்லாமல் மென்றான்.